பேய் ஸ்டோரின் கதவு

பயப்படுவதற்காக மனிதர்கள் டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்பார்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். நிற்கிறார்கள், சார். குழந்தை குட்டிகளோடு, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக முக்கால் மணி நேரம் குளிரில் நின்று, உள்ளே போய் அலறிவிட்டு, வெளியே வந்து கட்டன்சாயா குடித்துவிட்டுப் போகிறார்கள். அலறல் போதவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

நடந்ததைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னீர்கள். அதற்கு நன்றி. மலையாளம் எனக்குப் பேச வரும், எழுத வராது. என் பெயர் சுவக்கீன். வயது ஐம்பத்தெட்டு. ஏலத்தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்க்காரனாக இருந்தேன். ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். வெளியே ஒரு பெரிய அடுப்பு. அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளறைக்குள் ஓடி, புகைபோக்கி வழியாக வெளியேறும். உள்ளறையில் கம்பி வலைத் தட்டுகளை அடுக்கி, காயைப் பரப்பி, கதவை அடைத்துவிட்டால் மறுநாள்தான் திறப்போம்.

அந்தக் கதவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்பு எரிகிற ஸ்டோரின் கதவை ஸ்டோர்க்காரனைத் தவிர யாரும் தொடக்கூடாது. இடையில் திறந்தால் காயின் பச்சை போய்விடும், பிறகு அந்த ஈடு முழுவதும் வெளுத்த காய்தான். முதலாளியே வந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தள்ளி நிற்பார். லயத்து வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும். தொட்டால் என்னிடம் மட்டுமல்ல, வீட்டிலும் அடி விழும்.

நான்கு வருஷத்துக்கு முன்பு புது டிரையர் வந்தது. பித்தானை அழுத்தினால் அதுவே உலர்த்திக்கொள்ளும். என் ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. முதலாளியின் மகன் ஜிபி சார்தான் அதைப் பேய் வீடு ஆக்கினார். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பத்து நாள், பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி, பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்த அறையில் பிளாஸ்டிக் எலும்பு, நடையில் சிலந்தி வலை. கடைசியில் உள்ளறைக் கதவு. அது திறக்கவே திறக்காது. அதன் மேல் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தோம். உள்ளே இருந்து ஒரு பெண் அழுவது போலவும் கதவைத் தட்டுவது போலவும் கேட்கும். சனங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமிருந்து ஷிஜு சாக்கைப் போர்த்திக்கொண்டு குதிப்பான். ஷிஜு லயத்துப் பையன், பெயின்டர், நல்ல பிள்ளை.

என்னை அடுப்புப் பக்கம் உட்கார வைத்தார்கள். "சேட்டா, கொஞ்சம் பச்சை விறகு போட்டு எரிச்சா மதி. புகை இல்லாத்த ஸ்டோர் கண்டா யாருக்கும் பயம் வராது" என்றார் ஜிபி சார். புகைபோக்கியில் புகை தெரிய வேண்டும், அவ்வளவுதான். கதவின் தாழ்ப்பாளும் நான் உட்கார்ந்த பக்கத்தில்தான் இருந்தது.

இனி ஜின்சியைப் பற்றி. என் ஒரே மகள். இருபத்தாறு வயது. அவள் பத்தாவது படிக்கும்போது அவள் அம்மா செபமாலையம்மாள் காலமானாள். அதன் பிறகு சமைத்துப் போட்டவனும் நான்தான், தலை பின்னிவிட்டவனும் நான்தான். நர்ஸ் படிக்க வைத்தேன். கஞ்சிக்கோட்டில் ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை கிடைத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு முறை வருவாள். வந்துவிட்டுத் திரும்புகிற அன்று நான் சாப்பிட மாட்டேன். அதை அவளிடம் சொன்னதில்லை. ஒரு மாதம் என்பது எண்ணி முடிக்கக்கூடிய கணக்குதான் என்று சமாளித்துக்கொண்டேன்.

பிறகு ஜெர்மனி என்றாள். அந்தப் பாஷையை ராத்திரியெல்லாம் போனில் படித்தாள். எனக்குச் சந்தோஷம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மாதா கோயிலில் பூசை வைத்தேன். பங்குச் சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கிக் கொடுத்தேன். எத்தனை வருஷம் என்று ஒருநாள் கேட்டேன். "மொதல்ல போய்ச் சேருதேன்ப்பா, அப்புறம் ஒங்களையும் கூட்டிக்கிடுதேன்" என்றாள். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வாள்? எனக்குப் பயமாக இருந்தது, சார். இந்த வயதில் ஓர் ஆள் தனியாக இருப்பதை அவள் யோசிக்கவில்லை. இளசுகள் யோசிக்காததைப் பெரியவர்கள்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி பயணம். இரண்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் ஜீப், நான்கு மணிக்குக் கொச்சிக்குப் பஸ், விடிகாலையில் விமானம். நான் யோசித்தது ரொம்பச் சின்ன விஷயம். அந்தப் பஸ் தவறினால் விமானம் தவறும். விமானம் தவறினால் பேச நேரம் கிடைக்கும். ஒரு மூன்று மணி நேரம் அவள் ஓரிடத்தில் இருந்தால் போதும். இதில் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

அன்று காலையில் அவளுடைய பாஸ்போர்ட், சர்ட்டிபிகேட் இருந்த பைலை எடுத்துப்போய் உள்ளறையின் மேல்தட்டில் வைத்தேன். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. மழைக்காலத்திலும் மூடுபனிக் காலத்திலும் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, கம்பளி எல்லாவற்றையும் ஸ்டோரில்தான் வைப்போம். லயத்தில் வைத்தால் பூசணம் பிடித்துவிடும். அதனால் ஒன்றேகால் மணிக்கு அவள் விடைபெற வந்தபோது, "பைலு உள்ளதான் இருக்கும்மா, மேல்தட்டுல. ஈரம் ஏறிரக்கூடாதுன்னு வச்சேன்" என்றதும் மறுபேச்சில்லாமல் உள்ளே போனாள். பெட்டியையும் கைப்பையையும் என் காலடியில் வைத்துவிட்டுத்தான் போனாள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் அவள் சிரித்தாள். "யப்பா, என்னையவே பயங்காட்டுதியளா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, "வெளாட்டு போதும்ப்பா, ஜீப்பு வந்துரும்" என்றாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பேச ஆரம்பித்தால் திறந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

ஜீப் ஓட்டுகிற சதீஷ் இரண்டு மணிக்கு ஸ்டோருக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டான். டிக்கெட் கொடுக்கிற நிமியின் அண்ணன் காரில் ஜின்சி முன்னமே போய்விட்டாள் என்று சொன்னேன். பெட்டியைச் சாக்கால் மூடியிருந்தேன். சின்னப் பொய்தான். அவன், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா போனா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனான். அவர்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

அதற்குள் கூட்டம் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. ஸ்பீக்கரை அன்று நான் போடவில்லை. தேவைப்படவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு குடும்பம் வந்தது. மீனாட்சிபுரத்துப் பக்கம் பால் பண்ணை வைத்திருக்கிறவர், பெயர் ரத்தினசாமி என்று நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள். அவர் மகளுக்கு எட்டு வயது இருக்கும். எல்லோரும் அலறிவிட்டுப் போன பிறகும் அந்தப் பிள்ளை கதவோரமாகவே நின்றது. "அப்பா, உள்ளுக்குள்ள நெசமாலுமே ஆளு இருக்குதுங்க" என்றது. "அட, அதெல்லாம் டேப்புங்கண்ணு. வா, போலாம்" என்றார் அவர். பிள்ளை விடவில்லை. அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்து என்னிடமே கேட்டது. பேய்தான் பாப்பா என்றேன். "பேயி எதுக்குங்க அப்பான்னு கூப்புடுது?" என்றது. நான் சிரித்து வைத்தேன். அவர் வந்து தூக்கிக்கொண்டு போனார். வெளியே போய், இந்த மாதிரி எங்கேயும் பார்த்ததில்லை என்று ஜிபி சாரிடம் பாராட்டிச் சொன்னாராம்.

பிறகு ஷிஜு வந்தான். சாக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"மாமா, உள்ள யாரோ பேசுதாக. டேப்புல பேச்சு கெடையாதுல்லா?"

"அடுப்பு எரியுது. கதவ நான் தொறப்பேன்" என்றேன்.

"ஜின்சி கொரலு மாதிரி இருக்கு மாமா."

"ஜின்சி போயாச்சுல்லா. போய் ஒன் சோலியப் பாரு."

அவன் தாழ்ப்பாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஓரெட்டு வைத்தால் எட்டிவிடும் தூரம். ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, நான் ஸ்டோர்க்காரன். தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டான். இப்போது அவன் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவனை அப்படி வளர்த்தவர்கள் நாங்கள்தான்.

மூன்றேமுக்கால் வாக்கில் தட்டுவது நின்றது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிள்ளை சம்மதித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சிறு வயதிலும் அப்படித்தான், அடம் பிடிப்பாள், பிடிப்பாள், பிறகு சட்டென்று அடங்கிவிடுவாள். உடனே திறந்திருக்கலாம்தான். ஆனால் நான்கு மணிப் பஸ் போய்விட்டதா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். டாக்ஸி பிடித்து ஓடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாமே. பட்ட பாடு வீணாகிவிடக் கூடாது என்று நான்கு நாற்பது வரை காத்திருந்தேன்.

திறந்தபோது கதவுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தாள். பைலைத் தலைக்கு வைத்திருந்தாள். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. குளிர் விட்டுவிட்டது, நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று நீங்கள் நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். ஷிஜு வந்து பார்த்துக் கத்துகிற வரை.

நேற்று நீங்கள் கேட்டவற்றுக்கு இப்போது பதில் எழுதுகிறேன். நேற்றே சொல்லியிருக்கலாம், களைப்பாக இருந்தது.

குழாயில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நான்கு வருஷமாகத் துருப்பிடித்து மூன்று இடத்தில் விண்டிருக்கிறது. அடுப்பு எரியும்போது ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று முதல் நாளே ஜிபி சாரிடம் சொன்னவன் நான்தான். அன்று இரண்டரை மணிக்கு ஏன் கூடுதலாக நான்கு கட்டை போட்டாய் என்றீர்கள். அந்த அறை சிமென்டுத் தரை. அவளுக்குக் குளிர் ஆகாது. புழுக்கம் போவதற்காகக் கூரையில் இருக்கும் ஜன்னலை ஏன் சங்கிலியை இழுத்து அடைத்தாய் என்றீர்கள். சதீஷ் வருவது தெரிந்தது, குரல் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது, அதனால். அவன் போன பிறகு ஏன் திறக்கவில்லை என்றீர்கள். கூட்டம் வந்துவிட்டது.

முப்பத்தோரு வருஷம் தொழில் தெரிந்தவனுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா என்றீர்கள். நியாயமான கேள்வி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை நீங்கள் கேட்கவில்லை. அவள் எனக்குச் சொன்னாள். நர்ஸ் இல்லையா. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, நிதானமாக, நோயாளிக்குச் சொல்வது போலச் சொன்னாள். "யப்பா, பொகை உள்ள வருது. இது மொதல்ல தலவலி வரும், பொறவு தூக்கம் வரும். தூங்கிட்டேன்னா எந்திரிக்க மாட்டேன்ப்பா. நான் போகல. சத்தியமாப் போகல. தொறங்க" என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெளியே வருவதற்காகச் சொல்கிறாள் என்று தோன்றியது. போகமாட்டேன் என்பவள் எதற்காகப் பெட்டி கட்டினாள்? பிறகு அவள் பேச்சுக் குழறத் தொடங்கியது. அப்போதும் என் கை தாழ்ப்பாள் மேல்தான் இருந்தது. திறந்தால் போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். திறக்காமல் இருந்தது நான்தான், வேறு யாருமில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். வக்கீல் வேண்டாம். சாமியார் வந்து பார்த்தார். பிள்ளையை அவள் அம்மாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்களாம். என் லயத்து வாசலில் நின்றால் அந்த இடம் தெரியும்.

தண்டனை எதுவானாலும் சரி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வேண்டுதல்தான். திருவனந்தபுரம், கண்ணூர் என்று தூர ஊர் ஜெயிலுக்கு மட்டும் என்னை அனுப்பிவிடாதீர்கள். பெற்ற பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக எப்படி மனது வரும், சார்.