பன்னிரண்டாம் தேதி நடக்காத மிளகு மெஷின் விழா

பெயர் ஜெனிபர், வயது 34, தந்தை பெயர் அருளப்பன், சொந்த ஊர் ராசிபுரம். நான்கு வருடமாகக் கொல்லிமலை செம்மேட்டில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, எடப்புளி நாடு என்னும் மலை ஊராட்சியின் மிளகு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் மக்கள் தொடர்பு அலுவலராக வேலை பார்க்கிறேன். கம்பெனியைப் பற்றிய செய்திகளை எழுதி நிருபர்களுக்குக் கொடுப்பதும், அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதும் என் வேலை. நிருபர் நந்தகுமார் பொய்ச் செய்தி போட்டதாக விவசாயி மாதேஸ்வரன் கொடுத்த மனு சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்று 17.03.2025 காலை பத்தரை மணிக்கு காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் விமலா அவர்கள் முன்னிலையில் கொடுக்கும் வாக்குமூலம் வருமாறு.

நந்தகுமார் செம்மேட்டில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். பதினொரு வருடமாக ஒரு நாளிதழுக்கு மலைப்பகுதி நிருபராகவும் இருக்கிறார். மலைச் செய்தி நாலு மணிக்குள் அவர்களுடைய சேலம் ஆபீசுக்குப் போகாவிட்டால் மறுநாள் பேப்பரில் இடம் கிடையாது. எங்கள் விழாவோ அழைப்பிதழில் பதினோரு மணி என்று போட்டிருந்தாலும், பஸ் வந்து, விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்ற மூன்று மணியாகிவிடும். ஆகவே விழாவுக்கு முதல் நாளே, விழா நடந்து முடிந்துவிட்டதாகச் செய்தியை எழுதி அவரிடம் கொடுத்துவிடுவேன். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். கைதட்டலைக்கூட முதல் நாளே எழுதிவிடுவோம். ஆனால் நந்தகுமார் அதை அப்படியே அனுப்புகிற ஆள் இல்லை. விழா நாளில் எனக்குப் போன் செய்து, "நடந்துச்சுங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். நடந்தது என்று நான் சொன்ன பிறகுதான் அனுப்புவார். நான்கு வருடமாக எங்கள் இருவருடைய வேலையும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நின்றது.

அவர் ஒரு தார் மலைவாழை வாங்கிக்கொண்டு செய்தி போட்டதாக மனுவில் கண்டிருக்கிறது. பொங்கலுக்கு நான் ஒரு தார் அனுப்பியது உண்மை. அவர் அதை மறு பஸ்சிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். வந்து சேரும்போது இரண்டு சீப்பு குறைந்திருந்தது, அது கண்டக்டர் கணக்கு.

கடந்த 12.03.2025 அன்று எடப்புளி நாட்டில் உள்ள எங்கள் ஷெட்டில், கொடியில் பறித்த பச்சை மிளகைக் காம்பிலிருந்து உதிர்க்கும் மெஷினுக்குத் தொடக்க விழா வைத்திருந்தோம். இதுவரை எல்லோரும் காலால் மிதித்துத்தான் உதிர்த்து வந்தார்கள். முதல் நாளே வழக்கம்போல் செய்தியை எழுதினேன். தலைவர் கருப்பண்ணன் மெஷினை இயக்கி வைத்தார் என்றும், மூத்த உறுப்பினர் பாவாயி அம்மாள் கண்ணீர் மல்க நன்றி கூறினார் என்றும் எழுதினேன். கண்ணீர் என் கைச்சரக்கு.

அதன் பிறகு விழா அன்று, மெஷின் ஏற்றிய லாரி பன்னிரண்டு மணிக்குக் காரவள்ளி அடிவாரத்தை விட்டுக் கிளம்பியதாக டிரைவர் போன் செய்தார். மூன்று மணி வரை வராததால் நான் ஸ்கூட்டியில் மலைப்பாதையின் உச்சியிலுள்ள கடைசி வளைவான எழுபதாவது வளைவுக்குப் போய் நின்று பார்த்தபோது, கீழே லாரியின் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அந்த நேரத்தில் மூன்று நாற்பதுக்கு நந்தகுமார் போன் செய்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். இன்னும் பத்துப் பன்னிரண்டு வளைவுதானே, பேப்பர் அச்சாவதற்குள் மெஷின் ஓடி முடிந்திருக்கும் என்று நினைத்து, "நடந்துச்சுங்க, அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். என் ஆசையைச் செய்தி என்று சொன்னதுதான் நான் செய்த தப்பு. அவர் என்னை நம்பினார், அவர் செய்தது அவ்வளவுதான்.

அதன் பிறகு ஐந்து நிமிடம் கழித்தும் தார்ப்பாய் நகராததால் கீழே இறங்கிப் போய்ப் பார்த்ததில், ஐம்பத்தொன்பதாவது வளைவில் லாரியின் ஆக்சில் முறிந்து நின்றது. அங்கே போனில் சிக்னல் இல்லை. கீழே போகும் பஸ்சில் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பி, அவர் வந்த பிறகு மேலே வந்து நந்தகுமாரைப் பிடித்தபோது மணி ஏழு. "பக்கம் அச்சுக்குப் போயிருச்சுங்களே மேடம்" என்று போனை வைத்துவிட்டார். விழாவுக்கு வந்திருந்தவர்கள் கேசரியை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஏற்கனவே பஸ் ஏறியிருந்தார்கள்.

மறுநாள் பேப்பரைப் பார்த்துவிட்டு, இருபத்தேழு பேர் பறித்த மிளகை மூட்டை கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து இறங்கினார்கள். வளப்பூர் நாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஷெட்டில் ரிப்பன் மட்டும் இருந்தது. பச்சை மிளகை மூட்டையிலேயே விட்டால் புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். மாதேஸ்வரன் இரண்டு மூட்டையோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். "ஏனுங்க, இல்லாத மெஷினப் பேப்பர்ல ஓட்டிப்போட்டீங்களே" என்று அவர் என்னைக் கேட்டார். பாவாயி அம்மாளும் அந்தப் பேப்பரை மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தார். "நான் எப்பக் கண்ணு அழுதேன்? எம் புருசன் செத்தன்னைக்கே நான் நாலு பேருக்கு முன்னால அழுகலியே" என்று கேட்டார். அன்று பகல் முழுக்க எல்லோரோடும் சேர்ந்து நானும் மிளகு மிதித்தேன். இரண்டு நாளைக்குக் கால் எரிந்தது, அது நியாயமான எரிச்சல்தான்.

அன்று மாலையே மாதேஸ்வரன் நிலையத்தில் மனு கொடுத்தார். பேப்பரில் இருந்தது நந்தகுமார் பெயர்தான் என்பதால் அவர் மேல் கொடுத்தார். இதைக் கேள்விப்பட்ட சேலம் ஆபீசிலிருந்து, 17ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேறு நிருபர் போடப்படுவார் என்று நந்தகுமாருக்குச் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு 14ஆம் தேதி எங்கள் மேலாளர் ஓம்பிரகாஷ் என்னைக் கூப்பிட்டு, "நிருபர் அவரா எழுதிக்கிட்டாருன்னு சொல்லிடுங்க மேடம், நம்ம பேரு தப்பிச்சுக்கும்" என்றார். நான் முடியாது என்றேன். பொய்யைச் சொன்னவள் நான், பழி அவருக்கு என்றால், நாளைக்கு நாம் உண்மையைச் சொன்னாலும் எந்த நிருபர் நம்பிப் போடுவார் என்று கேட்டேன். ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் 20ஆம் தேதி இயக்குநர் கூட்டத்தில் என் வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று சொன்னார். பேசட்டும் என்று வந்துவிட்டேன். வெளியே வந்த பிறகு பயமாகத்தான் இருந்தது.

நேராக நந்தகுமார் கடைக்குப் போனேன். அவர் ஒருவருக்கு ரீசார்ஜ் செய்து முடிக்கும் வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பெயர் போட்டு, தவறு என்னுடையது என்று எழுதிய திருத்தத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஆக்சில் உடைஞ்சதே நல்ல செய்திங்க மேடம். பொறுத்திருந்து அதச் சொல்லியிருந்தீங்கன்னா படத்தோட போட்டிருப்பேன்" என்றார். எனக்கு அது உறைத்தது. நான்கு வருடத்தில் எங்கள் கம்பெனியில் நடந்த உண்மையான செய்தி அது ஒன்றுதான், அதையும் என் பொய் மறைத்துவிட்டது.

அதன் பிறகு 15ஆம் தேதி லாரி ஒருவழியாக மேலே வந்தது. அன்று நான் எதையும் முன்கூட்டி எழுதவில்லை. நந்தகுமார் யாரும் அழைக்காமலே வந்து மூலையில் நின்றார். மாதேஸ்வரன் மிளகைத்தான் முதலில் போட்டோம். மெஷின் ஓடி மிளகு தனியாகக் கொட்டிய பிறகு, நந்தகுமார் அதில் கையை விட்டு அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் திறந்தார். அப்போது மிளகுச் சாறு தெறித்துப் பாவாயி அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஷெட்டே அவரைத் திரும்பிப் பார்த்தது. "சாறு தெறிச்சுப்போச்சு சாமி, அழுதேன்னு எழுதிப்போடாதீங்க" என்று அவர் கத்தியதில், மாதேஸ்வரன் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். மறுநாள் செய்தியில் கண்ணீர் இல்லை.

கிளம்பும்போது மாதேஸ்வரன் என்னிடம், "மனுவத் திரும்ப வாங்கிக்கிறேனுங்க. ஆனா யாராச்சும் ஸ்டேஷன்ல வந்து நெசத்தச் சொல்லோணும்" என்றார். அதற்காகவும், இந்த வாக்குமூலத்தின் நகலை ஐந்து மணிக்குள் நந்தகுமார் சேலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகவும் வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும், பிரிண்ட் எடுத்த தாளின் கீழே என் கையாலேயே எழுதிச் சேர்க்கிறேன். நான் லாரி ஆக்சில் முறிந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கம்ப்யூட்டரில் கடைசி வரியாக, படித்துப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதாக அடித்து வைத்திருந்ததைக் கண்டேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதற்குச் சிரிக்கிறேன் என்று கேட்ட உதவி ஆய்வாளர் அவர்களும், காட்டியதும் சிரித்துவிட்டு, "எல்லாருக்கும் இப்படித்தாம்மா அடிச்சு வைக்கிறது" என்று சொல்லி அந்த வரியை எடுக்கச் சொன்னார். அதன் பிறகு பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாள்களை முதலிலிருந்து படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போது வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும் நந்தகுமாரிடமிருந்து போன் வந்தது. "நடந்துச்சுங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை, பொறுங்கள் என்றேன்.

கடைசித் தாள் வரை இப்போது நானே படித்து முடித்தேன். இதில் உள்ளது அத்தனையும் நடந்தது. நடக்காதது ஒன்றும் இதில் இல்லை. மணி பன்னிரண்டு ஐந்து. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்குப் போன் செய்வேன்.

(ஒப்பம்)
ஜெனிபர்
17.03.2025