தட்டாமல் திறந்த கதவு

காலை ஏழு மணி. டிசம்பர் மாதம், அதனால் இன்னும் விடியவில்லை. நம் ருமேனியாவின் வடகோடியில், டோரோஹோயைத் தாண்டி வடக்கே போகிற சாலை உங்களுக்குத் தெரியும்... இரண்டு பக்கமும் சூரியகாந்தி வெட்டிய கட்டைகள், அதன் மேல் பனி. ஒரு குதிரை வண்டிகூடக் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பழைய கார் ஊர்ந்துகொண்டு போகிறது. முன்விளக்கு ஒன்றுதான் எரிகிறது.

காருக்குள் இரண்டு பேர். ஓட்டுகிறவள் என் தோழி ஃபானி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பக்கத்தில் அவளுடைய மாமனார் லூப்பு ஹஸ்கல். எண்பதைத் தாண்டியவர்.

பெர்கு, அந்த அடுப்புக் கதவைச் சாத்து, கண் கூசுகிறது. பனி விடாமல் இங்கிருந்து யாரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை. ஒட்டி உட்கார்ந்து கேளுங்கள்.

"டீலி அக்கா, பேய் எப்ப வரும்னு முன்னாடியே சொல்லிடுங்க. அதுக்குள்ள நான் சூப்பைக் குடிச்சு முடிச்சுடறேன்."

உன் மூஞ்சியைப் பார்த்தால், பெர்கு, பேய் வந்த வழியே திரும்பிப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு குடி. இதை எனக்குச் சொன்னவள் ஃபானி. பொய் சொல்லவே தெரியாத பிறவி அவள். நான் சுட்ட கேக் செங்கல் மாதிரி இருக்கிறது என்று என் பிறந்தநாளிலேயே சொன்னவள்.

கணவன் செத்த பிறகும் ஃபானி மாமனாரை விட்டுப் போகவில்லை. ஒரே கட்டடத்தில் அவள் கீழே, அவர் மேலே. அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் ஒரு சிட்டிகை சர்க்கரை இருக்கக்கூடாது என்று அவள் உத்தரவு. இருபது வருடமாக அந்த வீட்டில் சர்க்கரை நுழைந்ததில்லை. இதற்காக இரண்டு பேரும் தினம் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

அவருடைய ஊர் ஜெபக்கூடத்தைப் பழுது பார்த்து யூதர்களின் மியூசியமாக ஆக்கியிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் அந்தப் பயணம். அவருடைய அப்பா மோர்தகாய் அந்தக் கூடத்தின் பணியாளர். கதவு திறப்பது, அடுப்பு மூட்டுவது, வேதச் சுருளான தோராவை வாசிக்க ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் அவர்தான். நாற்பத்தொன்றில், யுத்தத்தின்போது, ஊர் யூதர்கள் எல்லாரையும் கிளப்பி நீஸ்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்தினார்களே... அன்றைக்குப் போன லூப்பு, திரும்பி வந்த பிறகும் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஆற்றங்கரையில், படகுக்குக் காத்திருந்த கூட்டத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றான். ஆன்ஷெல், ஆறு வயது. தாகம் என்று அழுதான். லூப்புவுக்குப் பதினொன்று. அம்மா கொடுத்து வைத்திருந்த சர்க்கரைக் கட்டியைத் தம்பி வாயில் போட்டு, "இது கரையறதுக்குள்ள தண்ணி கொண்டு வந்துடறேன், இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அக்கரையில் காய்ச்சல் கண்டு அப்பா போனார், பிறகு அம்மா போனாள். அப்பா கடைசி மூச்சு வரைக்கும் ஆன்ஷெலைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல யாரும் இல்லை.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வருடா வருடம் அவரவர் இறந்த நாளில் லூப்பு நினைவு விளக்கு ஏற்றுவார். தம்பிக்கு மட்டும் ஏற்றியதில்லை. ஏற்றினால் செத்துவிட்டான் என்று தானே முடிவு கட்டியது ஆகுமாம். சரி, உயிரோடு இருக்கிறான் என்று தேடினாரா? அதுவும் இல்லை. சோவியத் எல்லைக்கு அந்தப் பக்கம் உறவு என்றால் அவருடைய ரயில்வே வேலை போய்விடும் என்று ஒரு காலம். அந்தக் காலம் போன பிறகும் தேடவில்லை. எந்தப் பதில் வந்தாலும் தாங்க முடியாது என்று பயம். எழுபது வருடம் அப்படியே, இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

மியூசியத்துக் காவல் ஒரு சின்னப் பெண், டொய்னா. கிறிஸ்தவப் பெண்தான், பாவம், அவர்களுக்காகவே சீக்கிரம் வந்திருந்தாள். கம்பளிக் கையுறையோடு சாவியைப் போட்டுத் திருப்பினாள். லூப்பு குறுக்கே கையை நீட்டி, விரல் முட்டியை மடக்கிக் கதவில் வைத்தார்.

"என்ன மாமா?"

"தட்டணும். மூணு தட்டு."

உங்கள் அம்மாக்கள் சொல்லியிருப்பார்கள். ராத்திரி காலியாகக் கிடக்கிற கூடத்தில் இறந்தவர்கள் வந்து தொழுவார்கள். விடிகாலையில் திறக்கிறவன் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். நாங்கள் வந்துவிட்டோம், நீங்கள் கிளம்புங்கள் என்கிற மரியாதை அது. மோர்தகாய் தினமும் தட்டியது அதே கதவில்.

ஃபானி சிரித்தாள். "மாமா, இது இப்ப மியூசியம். உள்ள கண்ணாடிப் பெட்டிதான் இருக்கு. டிக்கெட் வாங்கினவங்க எதுக்குத் தட்டணும்?"

"எனக்குத் தெரியாதா? நானே இதையெல்லாம் நம்புற ஆளு இல்ல" என்றார் லூப்பு, கொஞ்சம் வெட்கத்தோடு. கையை எடுத்துக்கொண்டார்.

யாரும் தட்டவில்லை. கதவு திறந்தது.

புதுச் சுண்ணாம்பு வாசனை, பெயிண்ட் வாசனை. மின்சாரப் பெட்டி பின்கட்டில் இருக்கிறது என்று டொய்னா சுற்றிக்கொண்டு போனாள். ஃபானி முன்னறையில் பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டு நின்றாள். லூப்பு நேரே கூடத்துக்குள் போய்விட்டார். இருட்டு... அவருடைய தடிச் சத்தம் மட்டும். டொக்... டொக்... நின்றுவிட்டது.

அப்போது வாசனை மாறியது. முதலில் உருகின மெழுகு. அப்புறம் நனைந்த கம்பளி, வெங்காயம். நிறையப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வாசனை. யாரோ இருமினார்கள். ஒரு பெஞ்சு கிறீச் என்றது. எங்கேயோ ஒரு புத்தகத்தின் பக்கம் புரண்டது.

டொய்னா என்று நினைத்தாள் ஃபானி. ஆனால் டொய்னா பின்கட்டில் எதிலோ இடித்துக்கொண்டு வைதுகொண்டிருந்தது தனியாகக் கேட்டது.

பிறகு... உள்ளே அத்தனை பெஞ்சும் ஒரே நேரத்தில் முனகின. கூட்டம் மொத்தமாக எழுந்து நிற்கிறபோது வருமே, அந்தச் சத்தம். ஃபானி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது. காலிக் கூடம். கயிறு கட்டிய பெஞ்சுகள், கண்ணாடிப் பெட்டியில் கிழிந்த தோரா சுருள். நடுவில் லூப்பு. அவர் தொப்பியை இரண்டு கையாலும் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார். கூடத்துக்கு முதுகைக் காட்டவில்லை. வாசலில் திரும்பியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

"போலாம்" என்றார்.

டோரோஹோய் தாண்டிய பிறகு அவராகவே பேசினார்.

"அப்பா இருந்தாரு ஃபானி."

"மாமா..."

"பார்க்கலை. கேட்டேன். தோரா வாசிக்க ஆள் கூப்பிட்டாரு. இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே, வியாழன்னா மூணு பேரைக் கூப்பிடுவாங்க. முதல்ல எங்க தெரு கறிக்கடைக்காரரு. ரெண்டாவது வாட்ச் ரிப்பேர்க்காரரு. ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால பார்த்தவன். மூணாவது பேர் வர்றதுக்குள்ள எனக்கு உசிரு போயிடுச்சு. வேண்டாம் வேண்டாம்னு நினைச்சேன். 'ஆன்ஷெல், மோர்தகாயின் மகன்'னு கூப்பிட்டாரு... சாகிறப்ப கூப்பிட்ட அதே குரல்."

ஃபானி காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"இந்த தடவை பதில் வந்துச்சு" என்றார் லூப்பு.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே விளக்கு ஏத்தலாம் மாமா. ஆத்தங்கரையிலயே போயிருப்பான். பாவம், குழந்தை."

"அதுதான் இல்ல." அவர் அவளை வெறித்துப் பார்த்தார். "பதிமூணு வயசு ஆகாத பையனை யாராவது தோராகிட்ட கூப்பிடுவாங்களா? எங்கப்பா அந்தத் தப்பைப் பண்ணுவாரா?"

"செத்தவங்களுக்கும் வயசு ஏறுமோ என்னவோ..."

"குழந்தைக் குரல் இல்லம்மா அது. கிழவன் குரல். என்னை மாதிரி நெஞ்சுச்சளி. பேச்சு அக்கரைப் பேச்சு, அங்கயே வளர்ந்தவன் மாதிரி." அவருக்கு உதடு கோணியது. "இருந்திருக்கான் ஃபானி. அங்கதான், எங்கயோ ஒரு வீட்ல, இத்தனை வருஷமும். போன வாரம்கூட இருந்திருப்பான். அண்ணன் வருவான்னு நின்னுட்டு இருந்திருப்பான். நான் ஒரு கடுதாசி போடலை."

ஃபானி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ரோட்டு ஓரத்தில், ஒற்றை விளக்குக் காரில்.

அன்று சாயங்காலம் லூப்பு தம்பிக்கு விளக்கு ஏற்றினார். இறந்தவருக்கான பிரார்த்தனை சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டும், எங்கள் ஊரில் பத்துப் பேருக்கு எங்கே போவது? சும்மா விளக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஃபானி இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள்.

"கீழ போ. நாளைக்கு உனக்கு வேலை இருக்கு."

"டீ போட்டுத் தரட்டுமா?"

"உன் டீயா? சக்கரை இல்லாத கழுநீர்த் தண்ணி."

இப்படிப் பேசுகிறார் என்றால் சரியாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவள் கீழே போனாள். அவள் காதில் விழுந்த கடைசி வார்த்தை அதுதான்.

மறுநாள் விடிகிற நேரம். அதே மாடியில் எதிர் வீட்டுக் கொர்னேலியா அம்மாள் பூனைக்குப் பால் ஊற்ற எழுந்திருக்கிறாள். மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம்... மெதுவாக, இழுத்து இழுத்து, கம்பளிப் பூட்ஸ் போட்ட கால். லூப்பு வீட்டு வாசலில் நின்றது. மூன்று தட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு, மரியாதையாக. பிறகு லூப்புவின் குரல்.

"வா, வா. திறந்துதான் இருக்கு."

மருமகளோடு பேசுகிறார் என்று அந்த அம்மாள் படுக்கப் போய்விட்டாள். ஃபானியோ அப்போது கீழே நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

அவள் சோளக்கஞ்சிக் கிண்ணத்தோடு மேலே வந்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. படியெல்லாம் ஈரத் தடம், ஏறி வந்த தடம் மட்டும். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. லூப்பு கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, வெளியே கிளம்புகிறவரைப் போல மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஃபானி கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

அவருக்கு முன்னால் ஒரு டீ கிளாஸ், தொடாமல் ஆறிப்போயிருந்தது. எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒரு வெறும் கிளாஸ், அடியில் கொஞ்சம் தேயிலைத் தூள். இன்னும் சூடு இருந்தது.

அந்தக் கிளாஸ் பக்கத்தில், மேசை விரிப்பின் மேல், எச்சில் ஈரத்தோடு ஒரு சர்க்கரைக் கட்டி. பாதிதான் கரைந்திருந்தது. ஓரத்தில் ஆறு வயதுப் பிள்ளையின் சின்னச் சின்னப் பால்பல் தடம்.