பதினெட்டுக் குதிரைவலு

1. இஷொய் நகருக்குப் போகும் ரயிலில் என் எதிரே இரு தமிழர்கள் அமர்ந்தார்கள்.
2. இளையவர் மூத்தவரிடம் இரண்டு தாள்களை நீட்டினார்.
3. "அண்ணை, என்ரை காரிலை பதினெட்டுக் குதிரைவலுவைக் காணேல்லை," என்றார்.

"ஆர் சொன்னது?"

"டைனோ மிஷின். கார்ச் சில்லை உருளையிலை ஓடவிட்டு எஞ்சின்ரை வலுவை அளந்தவை. கோடையிலை அளந்ததைவிடக் குறைவு. நாளைக்கு எஞ்சினைக் கழட்டக் குடுக்கிறன்."

"ரெண்டும் ஒரே மிஷினோ?"

"இல்லை, வேறை கராஜ்."

"டயர்?"

"இப்ப பனிக்குப் போடுற வின்டர் டயர்."

"வீட்டுத் தராசிலை வெறுங்காலோடை நிண்டுபோட்டு, டொக்டரின்ரை தராசிலை பூட்ஸோடை ஏறினால், கொழுத்திட்டன் எண்டு வயித்தை வெட்டுவியோ தம்பி?"

இளையவர் சிரிக்கவில்லை. கராஜுக்கு அழைத்து நாளைய வேலையை நிறுத்தினார்.

"கோடை டயரைப் போட்டு, பழைய மிஷினிலையே திரும்ப அளப்பம்," என்றார்.

"அப்பவும் குறைஞ்சால்?"

"கழட்டத்தான் வேணும்."

இஷொயில் இறங்கினார்கள். எஞ்சின் இன்னும் கழற்றப்படவில்லை. அதில் குறை உண்டா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.