இரண்டாவது சாரதி

— மகேந்திரராஜா எண்டு முழுசா அடி பிள்ளை, பாஸ்போட்டில இருக்கிற மாதிரி. ஒரு எழுத்து பிசகினாலும் பாரிஸ் எயார்போட்டில காரைத் தரமாட்டாங்கள், விளங்குதோ?

— அடிச்சிட்டன் அப்பா. நெக்ஸ்ட். இடப்பக்கம் ஸ்டியரிங் இருக்கிற கார் முந்தி ஓடியிருக்கிறீங்களா எண்டு கேக்குது. யெஸ் ஓர் நோ?

— அதையும் கேக்கிறாங்களோ? மெல்பேர்ணில டண்டினொங் பஸ் பதினேழு வருஷமா ஓடுறன், ஒரு கீறல் இல்லை எண்டு எழுது.

— எழுதேலாது அப்பா. ரெண்டு பொக்ஸ்தான் இருக்கு.

— அப்ப நோ எண்டு போடு. பொய் சொல்லக்கூடாது.

— ஓகே. செக்கண்ட் டிரைவர்?

— தேவையில்லை.

— கிரிஜா, அம்மான்ர பேரைப் போடு.

— யோகா, குசினிக்குள்ள நிண்டு சத்தம் போடாமல் இஞ்ச வந்து கதிரையில இரும். நாலே நாலு நாள். முதல் நாள் பாரிஸில இறங்கி நேர லீல். ரெண்டாம் நாள் பெல்ஜியம் போடர் மட்டும் போய்த் திரும்பி, நீர் அண்டைக்கு வந்த அதே றோட்டால அறாஸ். மூண்டாம் நாள் முதலாம் உலக யுத்தத்தில செத்த அவுஸ்திரேலியன் சோல்ஜர்மாரைப் புதைச்ச இடம், பிள்ளை பள்ளிக்கூடத்தில புரொஜெக்ட் செய்த ஊர். நாலாம் நாள் திரும்பப் பாரிஸ். எத்தினை மணிக்கு எங்க தேத்தண்ணி குடிக்கிறது எண்டுகூட எழுதி வைச்சிருக்கிறன். இதுக்கு ரெண்டு டிரைவர் என்னத்துக்கு?

— தேத்தண்ணி இருக்கட்டும். நான் போன கிழமையே இன்டர்நஷனல் பெர்மிட் எடுத்திட்டன்.

— எனக்குச் சொல்லாமலோ?

— சொன்னா விட்டிருப்பீங்களோ?

— விட்டிருக்கமாட்டன்தான். ரோவில் வீட்டில இருந்து மார்க்கெட்டுக்கு ஓட்டோமற்றிக்கில போய் மரக்கறி வாங்கிறது வேற, இது வேற. கியர் வலக்கையில வரும். றவுண்ட் எபவுட்டை மற்றப் பக்கத்தால சுத்தவேணும். எனக்கே கொஞ்சம் யோசினையாக் கிடக்கு, உமக்குச் சொன்னா என்ன.

— றிவேர்ஸ் போடேக்க கியர்த் தடியைக் கீழ அமத்திப்போட்டுத்தான் தள்ளவேணும். இல்லாட்டி முதலாம் கியருக்குள்ள விழுந்து வான் முன்னுக்குப் பாயும்.

— வானோ? கார்தானே எடுக்கிறம். உதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?

— ஆரும் சொல்லேல்லை.

— எனக்குத் தெரியும், அருமைநாதன் அண்ணைதான் சொல்லியிருப்பார். பாத்தியே கிரிஜா, இருபது வருஷமாகியும் அந்த மனிசன் ஒண்டையும் மறக்கேல்லை!

— தட் வான் அங்கிள்?

— வான் அங்கிளோ! எத்தினை பார்ட்டியில சொன்னனான், நீ எங்க கேட்டனி? எண்பத்தாறாம் ஆண்டு. ஏஜென்சிக்காரன் எட்டு ஆம்பிளை, மூண்டு பொம்பிளை, பதினொரு பேரை ஒரு பழைய வானில அடைச்சு போடரைக் கடத்திக்கொண்டு வாறான். அதில கொம்மாவும் ஒராள். அறாஸுக்குக் கிட்ட பெற்றோல் செட்டில நிப்பாட்டினவன், இந்தா வாறன் எண்டு போனவன்தான். ஆளைக் காணேல்லை.

— வான் திறப்பை விட்டிட்டுப் போனவன்.

— ஓம், திறப்பு கிடக்கு. ஆனா ஆருக்கும் பாஷை தெரியாது, கையில பேப்பர் இல்லை. பொலிஸ் வந்தா எல்லாரும் திரும்பக் கொழும்பு, பிறகு என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஆம்பிளையள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிக்கினம். அப்பத்தான் எங்கட அருமைநாதன் அண்ணை, ஏறுங்கோ எல்லாரும், நான் ஓடுறன் எண்டார். ஊரில உழவு மெசின் ஓடின கை. அந்தக் கையோட பாரிஸ் மட்டும் கொண்டுவந்து சேர்த்துப்போட்டார்! நினைச்சா எனக்கு இப்பவும் மயிர் கூச்செறியும். கொம்மா பாவம், பின்னுக்குச் சாக்குக்குக் கீழ நல்ல நித்திரை.

— உழவு மெசின் எங்கட அப்பான்ர. அருமைநாதன் அண்ணை கணக்கு வாத்தியார்.

— அப்ப உங்கட வளவில வந்து பழகினவராக்கும். என்னவோ, அந்த மனிசனுக்காகத்தான் இந்தப் பயணமே. அதே பெற்றோல் செட்டடியில அவரை நிப்பாட்டி, பொன்னாடை போர்த்தப்போறன். டண்டினொங்கில நாலு கடை ஏறி எடுத்தது, ரெண்டு பக்கமும் சரிகை. சூட்கேசில மிளகாய்த்தூளுக்குக் கிட்ட வைச்சிடாதையும், மணக்கும்.

— அவர் வேண்டாம் எண்டவர். நேற்றும் பாரிஸில இருந்து போன் எடுத்துச் சொன்னவர்.

— அதுதான் பெருந்தன்மை.

— பெருந்தன்மை இல்லை, வெக்கம். "யோகா, இனி என்னால ஏலாது. அந்தப் பொன்னாடை மேல பட்டா எனக்குத் தோள் எரியும்" எண்டார்.

— பெரிய மனிசர் அப்பிடித்தான் கதைப்பினம். நாங்கள் போர்த்தினா பேசாமல் நிப்பார், பாரும்.

— இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு அந்த வானை ஒரு பொம்பிளை ஓடியிருந்தா?

— ஓடியிருந்தா என்ன? அவவுக்கும்தான் போர்த்துவன். ரெண்டு மடங்கு பெருமையாச் சொல்லித் திரிவன். மெல்பேர்ண் முழுக்கச் சொல்லுவன்!

— அது இப்ப. எண்பத்தெட்டில, எங்கட கலியாணம் பேசேக்க? பெட்டை எட்டு ஆம்பிளையளை ஏத்திக்கொண்டு ஊர் பேர் தெரியாத றோட்டில வான் ஓடினவள் எண்டு மாமியிட்டச் சொல்லியிருந்தா?

— அம்மாவோ? சாதகத்தைத் தொட்டும் பாத்திருக்கமாட்டா. அடங்காத பெட்டை எண்டு திருப்பி அனுப்பியிருப்பா.

— நீங்கள்?

— உண்மையைச் சொல்லட்டோ? எனக்கும் அப்ப அம்மாவை எதிர்த்துக் கதைக்கிற துணிவு இல்லை. ஏன் இப்ப உதுகளைக் கிண்டுறீர்?

— எங்கட அம்மாவும் அப்பிடித்தான் நினைச்சவ. அருமைநாதன் அண்ணைக்குக் கடிதமும் எழுதினவ.

— என்னெண்டு?

— இருக்கட்டும். நீங்கள் பார்ட்டியளில அந்தக் கதையைச் சொல்லேக்க, நான் சாப்பாட்டுத் தட்டைக் கையில வைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு நிப்பன். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

— நிமிரத்தானே வேணும். நீரும் அந்த வானில வந்தனீர் எல்லோ!

— அம்மா, அப்பா, ஃபோம் டைம் அவுட் ஆகப்போகுது. செக்கண்ட் டிரைவர் இருக்கா, இல்லையா?

— சரி, கொம்மான்ர பேரை அடி. ஆசைப்பட்டுப் பெர்மிட்டும் எடுத்திட்டா. ஆனா ஓடப்போறது நான்தான், விளங்குதோ?

— அடிச்சிட்டன். அம்மாவுக்கும் அதே கேள்வி வருது. இடப்பக்கம் ஸ்டியரிங், முந்தி ஓடியிருக்கிறாவா எண்டு.

— நோ எண்டு போடு. பொய் சொல்லக்கூடாது.

— ஓம், எங்கட அம்மாவுக்காக அருமைநாதன் அண்ணை சொன்ன பொய் போதும், இனிப் பொய் சொல்லக்கூடாது. யெஸ் எண்டு போடு பிள்ளை. எண்பத்தாறாம் ஆண்டு, அறாஸில இருந்து பாரிஸ் மட்டும். அருமைநாதன் அண்ணை பக்கத்தில இருந்து மப்பைப் பாத்து வழி சொன்னவர்.