ஃபிரிட்ஜ் மேலே இருந்த டம்ளர்

— இந்த டம்ளரை எதுக்கு அண்ணி ஃபிரிட்ஜ் மேல தூக்கி வச்சிருக்கீங்க?

— குட்டிக்குத்தான். ‘தண்ணி’ன்னு வாயைத் திறந்து சொல்லட்டும், எடுத்துக் குடுக்கிறேன்னு வச்சேன்.

— எப்ப வச்சீங்க?

— நீ வேலைக்குக் கிளம்பினதும்.

— ச்சீ! எறும்பு செத்து மிதக்குது. காலையில ஊத்தின தண்ணி. இப்ப பொழுதே சாஞ்சிருச்சு. அஞ்சு வயசுப் புள்ளை நாள் பூரா இதை அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்திருக்கா!

— ஆரம்பிச்சிட்டியா? நடுவுல பால் குடுத்தேன், சாப்பாடு ஊட்டினேன். என்னை என்ன ராட்சசின்னு நினைச்சியா?

— அவ உதட்டைப் பாருங்க, காஞ்சு வெடிச்சிருக்கு. இந்த டம்ளரை இனிமே கழுவக்கூட மாட்டேன், குப்பையிலதான் போடுவேன்.

— டேய் தம்பி, வந்துட்டியா? உன் பொண்டாட்டி பேசுற பேச்சைக் கேளு!

— அக்கா, இன்னிக்கு எட்டு ட்ரிப் பஸ் ஓட்டியிருக்கேன். ஷூவையாவது கழட்ட விடு. இவளே, நீயும் கொஞ்சம் பிரேக் போடு. அக்கா கெட்டது நினைச்சா செஞ்சா?

— நீங்களும் அதே பாட்டுதானா? பேச்சுப் பயிற்சி டீச்சர் படிச்சுப் படிச்சுச் சொன்னப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?

— கேட்டேன், இல்லைங்கலையே. வார்த்தை மண்டைக்குள்ள இருக்கு, நாக்கையும் உதட்டையும் எந்த வரிசையில அசைக்கணுங்கிறதுலதான் கோளாறு. ரூட்டு தெரியும், ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது. அப்படித்தானே?

— கோளாறாம் கோளாறு! போன மாசம் நான் வந்திருந்தப்ப மட்டும் ‘தண்ணி’ன்னு கணீர்னு எப்படிச் சொன்னா? என் ரெண்டு காதால கேட்டேன். ஒரு தடவை சொன்னவளுக்கு மறுதடவை சொல்ல என்ன கேடு? அத்தனையும் அழுத்தம். கல்லுளிமங்கி!

— அந்தக் கோளாறோட லட்சணமே அதுதான் அண்ணி. ஒரு நேரம் தானா வந்து விழும். சொல்லு சொல்லுன்னு முன்னால நின்னா, வர்றதும் வராது.

— அப்ப கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவே வேண்டாமா?

— வரும். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப, சிரிச்சுக்கிட்டு, விளையாட்டா சொல்ல வைக்கணும். வாய்க்குப் பழகணும். நானும் அவ பேரைத்தான் சொல்லிக்குடுத்துக்கிட்டே இருக்கேன். என் மூஞ்சியைப் பார்த்து வாயைக் கோணுவா, பாவம், காத்துதான் வரும். போதும். நாளையிலருந்து அவளை என்னோடயே லாண்டரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

— அந்த இஸ்திரிச் சூட்டுலயா? முதலாளி ஒத்துக்குவாரா?

— ஒத்துக்கலைன்னா வேலையை விட்டுடறேன். இங்க மட்டும் விட மாட்டேன்.

— விடுவா, விடுவா! ஏம்மா, இவ்வளவு வாய் பேசுறியே, என்கிட்ட விட்ட இந்த ஒரு வாரத்துல என்ன நடந்திருக்குன்னு கேட்டியா? குட்டி தன் பேரைச் சொல்றா.

— என்னது?

— மாடிப் பிள்ளைங்க இருக்கில்ல? படிக்கட்டுல இவளை நடுவுல உக்கார வச்சு, ‘உன் பேரு என்ன, உன் பேரு என்ன’ன்னு கேக்கும். அதுங்களே சொல்லிக்குடுக்கும், இவ திருப்பிச் சொல்லுவா. உடனே ஒரே கைதட்டல், சிரிப்பு. தினமும் இதே கூத்துதான்.

— நீங்க பார்த்தீங்களா?

— அடுப்பை விட்டுட்டு எங்க போய்ப் பார்க்கிறது? கைதட்டுறது சமையல்கட்டு வரைக்கும் கேக்குதே. சும்மாவா தட்டும் அதுங்க?

— ஏங்க... நிஜமா இருக்குமோ? திரும்பத் திரும்ப, சிரிச்சுக்கிட்டு, விளையாட்டா... டீச்சர் சொன்ன மாதிரியேதானே இருக்கு?

— கேட்டே பார்த்துடுவோம். குட்டி! இங்க வாடா, அம்மா ஒண்ணு கேப்பா.

— இருங்க, முதல்ல தண்ணி குடிக்கட்டும். மெதுவா, மெதுவாடா... யாரும் பிடுங்க மாட்டாங்க.

— கேளேன் சீக்கிரம். நான் இன்னும் ஷூவைக்கூடக் கழட்டலை.

— செல்லம், சொல்ல வரலைன்னாலும் பரவாயில்லை, என்ன? அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை. உன் பேரு என்ன?

— ஊமை.