சோதனை ரிக்கார்டு

— அந்தப் பக்கம் பிடிக்காத! கண்ணாடி அது. அடியில கை குடு.

— குடுத்துட்டேன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— முதல்ல மூடியை இறக்குவோம். மெதுவா... மெதுவா... மகாராணிக்கு அடிபட்டுச்சு, உன்னைச் சும்மா விட மாட்டேன்.

— எனக்கு அடிபட்டா?

— உனக்குப் பரவால்ல, தானா ஆறிடும். இதுக்கு ஸ்பேர் கிடைக்காது.

— நல்லா சொன்னீங்க. காசு போட்டா பாடுற பொட்டிக்கு மகாராணி, குண்டன், ஒத்தைக்கண்ணின்னு ஆளுக்கொரு பேரு. என்னைக் கூப்பிட மட்டும் ‘இந்தா’.

— ஜூக்பாக்ஸ்னு சொல்லு. பொட்டியாம் பொட்டி.

— சரி, ஜூக்பாக்ஸ். இப்பவாவது சொல்லுங்க. ரிக்கார்டு எங்க?

— இந்த வீட்டுல வந்து ரிக்கார்டு எங்கன்னா? கால் வைக்கிற இடமெல்லாம் ரிக்கார்டு. எதைக் கேக்குற?

— என்னுதை. கல்யாணத்துக்கு முன்னாடி நான் பாடினது.

— ஓ... அது.

— அதுதான். பெரியவ மத்தியானம் வர்றா. மாப்பிள்ளை ஏதோ கருவி கொண்டு வர்றாராம். ரிக்கார்டைப் போட்டா அப்படியே கம்ப்யூட்டர்ல ஏறிடுமாம்.

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— அவ சித்தி உளறிட்டா. ‘உங்கம்மா பாடினா தெருவே நிக்கும்’னு. இவ நம்பல. ‘அம்மாவா!’ன்னு சிரிச்சிருக்கா. சிரிக்கத்தானே செய்வா? அவளுக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாடியே என் தொண்டையில கத்தி வச்சாச்சு. அவ கேட்டு வளர்ந்ததெல்லாம் இந்தத் தகரக் குரல்தான்.

— தகரம்னு யாரு சொன்னா?

— நீங்கதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரம்.

— விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன்...

— நானும் சிரிச்சேன். ரிக்கார்டு எங்க?

— பரண் மேல. அந்த ரெக்சின் பையில.

— காலையிலயே ஏறிப் பார்த்துட்டேன். கரப்பான்தான் குடித்தனம் பண்ணுது.

— அப்போ பீரோவுல...

— பார்த்தாச்சு.

— ... அந்த ஸ்க்ரூடிரைவரை எடு. அது இல்ல, நட்சத்திர மூஞ்சி.

— இந்தாங்க. ஒண்ணு கேக்கவா? அது கடையில விக்கிற ரிக்கார்டு மாதிரி இல்லையாமே?

— இல்ல. கடை ரிக்கார்டு அச்சுல அடிக்கிறது. ஸ்டூடியோவுல ஒரே ஒரு காப்பி வெட்டிக் குடுப்பாங்க பாரு, அது தகட்டு மேல மெல்லிசாப் பூசின பூச்சு. நகம் பட்டாலே கோடு விழும்.

— அதை மகாராணியில போட்டா?

— போடவே கூடாது. இதோட ஊசி மாட்டின கை கனம். கூட்டத்துல எவனாவது இடிச்சாலும் ஊசி தாவக் கூடாதுன்னு அழுத்தி வச்சிருப்பான். சாதா ரிக்கார்டையே தின்னும். அந்தப் பூச்சையெல்லாம்... வழிச்சு எடுத்துடும்.

— தெரிஞ்சவரு.

— என்ன?

— தெரிஞ்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னேன். உங்க பலியாடு எங்க?

— எது?

— பலியாடுங்க. ரிப்பேர் முடிஞ்சதும் எடுத்த எடுப்புல நல்ல ரிக்கார்டைப் போட மாட்டீங்களே? கை சரியா இறங்குதா, ஊசி குத்துதா, ரிக்கார்டைத் தூக்குற கொக்கி எங்கயாவது கீறுதான்னு பார்க்க, போனா போகுதுன்னு ஒண்ணைப் போடுவீங்களே. சிநேகிதங்ககிட்ட எல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டுவீங்களே, ‘நம்ம பலியாடு’ன்னு.

— அது... உள்ளதான் இருக்கு. நேத்து புது ஊசி மாத்தினேன்.

— ஓட்டுங்க.

— இப்பவா?

— அவ வர்றதுக்குள்ள.

— மோட்டார் இன்னும் சூடாகல...

— பலியாட்டுக்கு என்ன மோட்டார் சூடு? பட்டனை நான் அமுக்கவா, நீங்க அமுக்குறீங்களா?

— ... நகரு. நானே அமுக்குறேன்.

— சத்தத்தைக் கூட்டுங்க.

— முழுசாத்தான் வச்சிருக்கேன்.

— ஒண்ணும் கேக்கலையே.

— ஆரம்பம் தேஞ்சிருக்கும். உள்ள போகப் போக... இரு. பேசாத.

— எண்ணெய் காயுற மாதிரி இரையுது.

— இதோ... பின்னாடி... மெலிசா இல்ல?

— அது உங்க மோட்டார்.

— இல்லடி, இப்ப ஒரு இழுப்பு வந்துச்சு பாரு...

— மோட்டாருங்க. என் இழுப்பு எனக்குத் தெரியாதா? அந்த இடத்துல மூச்சு எடுக்கச் சொல்லியிருந்தாரு பாட்டு மாஸ்டர். நான் எடுக்காமயே போனேன். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில கை வச்சுக்கிட்டவரு, நான் இறங்கி முடிச்சதும் சிரிச்சாரு. அந்த இடம் தாண்டிப் போச்சு... ஆச்சு, முடிஞ்சுது. கை தூக்குது பாருங்க, எவ்வளவு அழகாத் தூக்குது! நல்ல வேலை.

— போன் அடிக்குது.

— பெரியவதான். இருங்க... ஹலோ. சொல்லும்மா... கிளம்பியாச்சா... ம். இருக்கு, இருக்கு. அப்பாகிட்டதான் இருக்கு. அப்பா ஒரு பொருளை வச்சா எப்படி வைப்பாருன்னு உனக்குத் தெரியாதா? பத்திரமாத்தான் வச்சிருக்காரு... சரி, மெதுவா வாங்க.

— ஏன் அப்படிச் சொன்ன?

— வேற எப்படிச் சொல்லணும்?

— ... இதுதான் அதுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?

— கண்டுபிடிக்கிறதுக்கு என்ன இருக்கு? இந்தக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவரு.

— எப்ப இருந்து?

— முதல் தடவையில இருந்தே. குண்டனை வாங்கிட்டு வந்தீங்களே, அப்ப. என் கழுத்துல தையல் கூட சரியா ஆறல. பாத்திரம் விளக்கிட்டிருந்தேன். குழாயை மூடிட்டு நின்னேன். பாதியில நிறுத்தினீங்க. மறுபடி முதல்ல இருந்து போட்டீங்க. அப்புறம் வந்த ஒவ்வொரு மெஷினுக்கும் அதேதான். முதல்ல உச்சத்துல போற இடம் போச்சு. அப்புறம் வார்த்தை போச்சு. கடைசியில பாடுறது நானா, குழாய்த் தண்ணியான்னு எனக்கே...

— இங்க பாரு, வெறும் வெள்ளை லேபிள். பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. குவியல்ல கிடந்துச்சு. எடுத்தேன், போட்டேன்.

— நடு ஓட்டை சின்னதா இருந்திருக்குமே?

— வர்றது முக்காவாசி சின்ன ஓட்டைதான். இந்த மெஷினுக்குப் பெரிய ஓட்டை வேணும். மொத்தமா உக்காந்து அறுப்பேன். எது எதுன்னா பார்த்துக்கிட்டிருப்பேன்?

— அறுத்ததுல போயிருக்கும். நடுவுலதான் பென்சில்ல என் பேரை எழுதியிருந்தேன்.

— அப்படித்தான் இருக்கும்... அப்படித்தான் ஆகியிருக்கும். வேணும்னா செய்வேனா? மாப்பிள்ளை வரட்டும். கம்ப்யூட்டர்ல இரைச்சலை எல்லாம் வடிகட்டிடலாமாம்.

— வடிகட்டினா ஏதாவது மிஞ்சணுமே.

— அவகிட்ட என்ன சொல்லப் போற?

— கை தவறி உடைஞ்சிடுச்சுன்னு. சித்தி சும்மா பெருமைக்குச் சொன்னான்னு. அதை நம்புவா.

— எல்லாத்தையும் என் தலையில கட்டாத. முதல் நாளே ஓடி வந்து, ‘ஐயோ, அது என்னுது’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல? காதுல வாங்கிக்கிட்டே பாத்திரம் விளக்கினியே, நீயெல்லாம் என்ன பொம்பளை?

— சொல்லியிருக்கலாம்.

— பின்ன?

— நீங்க ஒருதரம் என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? மாஸ்டர் பாட்டுக் குழுவுக்குக் கூப்பிட வீடு தேடி வந்தப்ப? செருப்பைக் கழட்டக்கூட விடாம, வாசல்லயே வச்சு, ‘அவ இனிமே வீட்டுலதான் பாடுவா’ன்னு.

— ஆமா, சொன்னேன். பாடினியா? சொல்லேன், பாடினியா? தொண்டை நல்லா இருந்த காலத்துல, எனக்குன்னு ஒரு வரி? பெத்த பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட வாயைத் தொறக்கல நீ. ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்ததும் பூட்டுப் போட்டுக்கிட்ட.

— பட்டனை அமுக்கினா பாடுறதுக்கு நான் மகாராணி இல்லைங்க.

— வீம்பு! அந்த வீம்புலதான் சுவத்துக்கு அந்தப் பக்கம் வாயை மூடிக்கிட்டு நின்னியா? என்னைக் குத்தவாளி ஆக்கணும்னு?

— இல்ல.

— பின்ன எதுக்குடி சும்மா இருந்த?

— உங்க காது என்ன காது! ரிக்கார்டு மயிரிழை மெதுவாச் சுத்தினா, திரும்பிப் பார்க்காமயே ‘பெல்ட் தளர்ந்திருக்கு’ம்பீங்க. அந்தக் காதுல நான் விழறேனேன்னு... ஒவ்வொரு தடவையும் அடுப்பைக் குறைச்சுட்டு நிப்பேன். இன்னைக்காவது இந்த மனுஷன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பாரு, ‘யாரு பாடுறது இது?’ன்னு கேப்பாருன்னு. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஏன் கேக்கல? சொல்லுங்க. ஒரு தடவை கூடவா கேக்கத் தோணல?

— தெரியாதவன்தானே கேப்பான்.