வெங்காயம் சிவக்கும்வரை

வெங்காய சூப்புக்கு அவசரம் ஆகாது, ஐயா. பட்டரில் போட்ட பம்பாய் வெங்காயம் முதலில் வதங்கித் துவளும், அப்புறம் மஞ்சளாகும், பிறகுதான் மெல்ல மெல்லச் சிவக்கும். தணல் கொஞ்சம் கூடினாலும் கருகிக் கசந்துவிடும். லெபனானில் நான் வேலை பார்த்த வீட்டு மேடம் குளிர்நாளில் இதைத்தான் செய்யச் சொல்வார். பிரெஞ்சுக்காரர்களின் சூப் என்பார். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் அதை யார் செய்யப் போகிறார்கள்? அன்று எதிர்மலையே தெரியாத பனிமூட்டம். செய்யலாம் என்று தோன்றியது, செய்தேன்.

பேச்சியம்மா அக்கா வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னது பொய்யில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீடுதான், நடுவில் ஒரே சுவர், எல்லாம் கேட்கும். ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

என் மாமனார் செல்லசாமியை நான் வெறுக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டார். ஒரு நாளும் என்னை அதட்டியதில்லை. நான் வெளிநாட்டிலிருந்து வந்த அன்று ஹட்டன் வரை பஸ்ஸில் வந்து, என் பெட்டியைத் தன் தோளில் சுமந்தவர். நல்ல மனிதர்.

ஆனால் அவருக்குச் சளி. கட்டிலுக்கடியில் ஒரு பால்மா டின் இருக்கும். சளியும் வெற்றிலை எச்சிலும் அதற்குள்தான். தாடையில் நூலாகத் தொங்குவதைப் புறங்கையால் துடைப்பார். அதே கையால் ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணீரில் முக்கி உறிஞ்சுவார். கடைசி மடக்கில் வாயைக் கொப்பளித்து, அப்படியே விழுங்கிவிடுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மேடம் வீட்டில் பத்து வருஷம் பளிங்குத் தரையைத் துடைத்தவள் நான். அந்த டின்னைத் தினமும் வழித்துக் கழுவியதும் நான்தான். "எந்த மருமவ இப்புடிப் பாப்பா" என்று லயமே என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. கையை எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் அந்த வழவழப்பு போகாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்களுக்குத் தனி வீடு கட்டி முடிகிற நேரம். வெள்ளை டைல்ஸ், அடுப்படியில் குழாய், கால் படாத சுத்தம். என் கணவர் நிரஞ்சன் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். "முன் ரூம அப்பாவுக்குக் குடுத்துருவோம். வெயில் விழும், அவரு சளிக்கு நல்லது" என்றார். "சரிங்க" என்றேன். போனை வைத்ததும் எனக்கு அந்த டின்தான் கண்ணுக்கு வந்தது. வெள்ளை டைல்ஸில் அதன் துருப்பிடித்த வட்டம் விழுந்து கிடந்தது. அந்த வீட்டுக்குள் அவர் வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கோபம் எதுவும் இல்லை. கூட்டிப் பெருக்க நினைப்பது மாதிரிதான்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் வயசானவர்களுக்கும் குளிருக்கு நெருப்புச் சட்டி வைப்பார்கள். கரித்தணல் போட்டுக் கட்டிலோரம் வைப்பது. சன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து விட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் மயங்கிப்போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்ததில் இந்தக் கிருஷாந்திக்கு அது மறந்துபோயிருக்கும் என்று இப்போது சனங்கள் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு மறக்கவில்லை, ஐயா.

வெங்காயத்தை அவர் அறையிலேயே, அந்தச் சட்டித் தணலில் வைத்துக் கிளறினேன். சிவக்கும்வரை கதவும் சன்னலும் திறந்தே இருந்தன, நானும் உள்ளே இருந்தேனே.

"என்னம்மா, கல்யாண வீடாட்டம் மணக்குது?"

"வெள்ளக்காரங்க சூப்பு மாமா. நெஞ்சுச் சளி கரையும்."

"எனக்கும் ஒரு கோப்ப ஊத்துவியா?"

"உங்களுக்குத்தானே செய்றேன்" என்றேன்.

சிரித்தார். சிரித்தால் அவருக்கு எச்சில் ஒழுகும். நான் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நன்றாகச் சிவந்ததும் பாத்திரத்தை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டேன். சட்டியில் புதுக் கரியை நிறைய அள்ளிப் போட்டேன். சன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்தேன். கதவைச் சாத்தி வெளிப்பக்கம் கொண்டி போட்டேன். இறைச்சி வேகவைத்த தண்ணீரை வெங்காயத்தில் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். பாண் ரொட்டித் துண்டுகளை வாட்டி மேலே போட்டு, சீஸைத் துருவித் தூவினேன். சீஸை உருக்க நம்மிடம் ஓவன் ஏது? தகரத்தால் மூடி, மேலே தணலைக் கொட்டினேன்.

அப்போதுதான் கூப்பிட்டார். "கிருஷாந்தி, கதவ தொறந்து விடும்மா. தல கிறுகிறுங்குது."

"இருங்க மாமா, சூப்பு ஆவுது."

திரும்பவும் கூப்பிட்டார், இந்தத் தரம் பெயர் சரியாக வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியம்மா அக்கா, "மாமா கூப்புடுறாரு போல" என்றார். "சூப்புக்குப் பறக்குறாரு அக்கா" என்றேன். அக்கா சிரித்தார். அதை உங்களிடம் சொன்னபோது அழுதிருப்பார், பாவம்.

சீஸ் உருகிப் பொன்னிறமாகப் பொங்கியது. ஆறினால் ரப்பராகிவிடும் என்பதால் நான் முதலில் குடித்தேன். மேடம் வீட்டுப் பதம் அப்படியே வந்திருந்தது. பிறகு அவருக்கு ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொண்டியை நீக்கினேன்.

கதவுவரை தவழ்ந்து வந்திருக்கிறார். வாந்தி எடுத்திருந்தார். டின்னும் கவிழ்ந்து, எல்லாம் ஒன்றாகக் கலந்து வாசல்படிவரை ஓடியிருந்தது. கோப்பையைக் கீழே வைத்தேன். சாக்கை உருவிவிட்டு, சன்னலைத் திறந்து, சட்டியை வெளியே வைத்தேன். வாளியும் துணியும் எடுத்து வந்தேன். நான் குனிந்து துடைக்கும்போது அவர் கை என் பாவாடை நுனியைப் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அவர் பிடித்த இடத்தையும் துடைத்துக்கொண்டேன்.

அவருக்கு மூச்சு இருந்தது, ஐயா. டெட்டோல் போட்டு இரண்டாவது தரம் தரையைத் துடைக்கும்போதும் இருந்தது. அது நின்று, நாற்றமும் போன பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன். அந்தக் கோலத்தில் நாலு பேர் பார்த்தால் மாமாவுக்குத்தானே அவமானம்.